பொன்னாத்தாள் கையில் ஓடிய பூச்சிகள்

நாமக்கல்,
தாது வருஷம், ஐப்பசி மாதம் 9-ஆம் தேதி.

கரட்டுப்பாளையம் மாமா சென்னியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமகன் அப்புசாமி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால், உடம்பு மட்டும் சுகம் என்று எழுதுகிறேன். தாங்களும் அத்தையும், மாசமாக அங்கே வந்திருக்கும் சாரதாமணியும், வீட்டில் உள்ள மாடு கன்றுகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கச் சுவாமியை வேண்டுகிறேன்.

நேற்று முன்தினம் கடலைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மாரியப்பன், தாங்கள் சொல்லியனுப்பியதை ஒரு சொல் விடாமல் சொன்னான். "படத்துல புள்ளை பொறக்கறதைக் காட்டறவரு, நேர்லயும் வந்து புள்ளையை எடுத்துக்கட்டும்னு பெரியவரு சொல்லச் சொன்னாருங்க" என்றான். இதை அவன் கடைவீதி நடுவில் வண்டியை நிறுத்தி, எனக்குக் காது மந்தமோ என்று நினைத்தவன் போலச் சொன்னதால், எதிரே பருத்திக்கொட்டை வாங்க வந்திருந்தவர்களும் கேட்டார்கள். எனக்கு அது வேண்டியதுதான். சாரதாமணிக்கு மாசம் நிறைந்துவிட்டது. பொன்னாத்தாள் பிரசவம் பார்ப்பதை விட்டு மூன்று மாசம் ஆகிறது. திருச்செங்கோட்டு நர்சம்மாவை அழைத்துவர வேண்டுமானால் பதினோரு மைல். இந்த நிலைமைக்கு யார் காரணம் என்று தாங்கள் ஊகித்து வைத்திருப்பது சரிதான், ஆனால் பாதிதான் தங்களுக்குத் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாசி மாதம் எனக்குத் தாய்சேய் சுகாதாரப் பிரசார சபையில் பிரசங்கி வேலை கிடைத்ததும், தாங்கள் சர்க்கரை வழங்கியதும் நினைவிருக்கும். வேலை என்னவென்றால் படப்பெட்டியையும் காஸ் லைட்டையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பொழுது சாய்ந்ததும் கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் செருகிப் படம் காட்டி, பிரசவம் எப்படிச் சுத்தமாக நடக்க வேண்டும் என்று பேசுவது. முதலில் எங்களுக்கு வந்த தகடுகள் எல்லாம் சீமைத் தகடுகள். வெள்ளைக்காரி ஒருத்தி வெள்ளைக் கட்டிலில் படுத்திருப்பாள், பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட நர்ஸ் நிற்பாள், சுவரும் வெள்ளை. நான் தொண்டை வறளப் பேசுவேன், ஜனங்கள் அந்தக் கட்டிலுக்கு என்ன விலை இருக்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ராசிபுரத்துச் சந்தையில் ஓர் அம்மாள் எழுந்து, "ஏனுங்க, அந்தம்மா ஊட்டுல கட்டல் இருக்குது, எங்கூட்டுல ஆடு இருக்குது. ஆட்டை எங்கீங்க கட்டறது?" என்று கேட்டாள். அதற்கு எங்கள் புஸ்தகத்தில் பதில் இல்லை. சபையின் டாக்டர் அருணகிரி அன்றைக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். வண்டியில் திரும்பும்போது, "நம்ம ஊர்க் குடிசை, நம்ம ஊர் மருத்துவச்சி, இவங்களைப் படம் எடுத்துக் காட்டினாத்தான் ஏறும்" என்றார். யாரைப் படம் எடுப்பது என்று அவர் கேட்பதற்கு முன்பே, என் மாமனார் ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று நான் சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. முந்திக்கொண்டு சொல்வது நல்ல பேர் வாங்கித் தரும் என்று நினைத்தேன்.

பங்குனியில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து போட்டோக்காரர் மயில்சாமியைக் கூட்டிக்கொண்டு நான் வந்தது தங்களுக்குத் தெரியும். தாங்கள் களத்து மேட்டில் இருந்தீர்கள். பொன்னாத்தாளிடம் நான் சொன்னது இதுதான்: "ஆத்தா, நல்லாப் பிரசவம் பாக்கறவங்களைப் படம் புடிச்சு ஜில்லா முழுக்கக் காட்டப் போறாங்க, உங்களைத்தான் சொல்லியிருக்கறேன்." இதில் பின்பாதி நிஜம், டாக்டர் படம் கேட்டிருந்தது கழுவாத கையால் வரும் கேட்டைக் காட்டத்தான். அவள் குளித்து, சாரதாமணி பிறந்தபோது தாங்கள் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகத்தோடு ஒரு படம் எடுத்தாயிற்று. அடுத்தது கைகள். மயில்சாமி கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னங்க, இந்தக் கை என்ற கையைவிடச் சுத்தமா இருக்குது. இதை வெச்சு அழுக்குன்னு எப்படிங்க காட்டறது?" என்றார். மாமா, அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று இந்த மூன்று மாசமாக விதவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அன்று நான் செய்தது, நேராகத் தங்கள் சமையலறைக்குள் போனதுதான். அத்தை எங்களுக்காக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்காமலே, மாப்பிள்ளை கேட்கிறாரே என்று பானையைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். அடியிலிருந்த கரியைச் சுரண்டி, விளக்கெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தேன். "எதுக்குங்க மாப்பிள்ளை?" என்று பொன்னாத்தாள் கேட்டாள். "ரேகை நல்லா விழுவோணுமுங்க" என்றேன். மருதாணி வைக்க நீட்டுவதுபோல இரண்டு கையையும் நீட்டினாள். நகக்கண்ணில் ஒரு குச்சியால் நானேதான் பூசினேன்.

அதன் பிறகு நடந்தது மயில்சாமியின் சாமர்த்தியம். சும்மா கை மட்டும் தெரிந்தால் போதாது, கிருமி ஓட வேண்டும் என்று டாக்டர் விரும்பினார். மயில்சாமி இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அடியில் கையின் படம், மேலே வர்ணத்தில் எழுதிய கிருமிகள். ஓரத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி. அதைச் சுற்றினால் மேல் கண்ணாடி நகரும், கிருமிகள் நகத்திலிருந்து கிளம்பி மணிக்கட்டு வழியாக ஏறிப் பிள்ளையின் தொப்புளுக்குப் போகும். கிருமி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நாலு புள்ளியும் இரண்டு குச்சியும் போட்டுக் கொடுத்தார். "இதுக்கு யாருங்க பயப்படுவாங்க?" என்று மயில்சாமி அதற்குக் கால் வைத்தார், பல் வைத்தார், பெரியதாக இருந்த ஒன்றுக்கு மீசையும் வைத்தார். சிவப்பாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னது நான்.

மேச்சேரி ஆட்டுச் சந்தையில்தான் முதல் காட்சி. கைப்பிடியைச் சுற்றினேன். இருநூறு பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்கு வந்ததும் கைப்பிடி சிக்கிக்கொண்டது. நான் பலமாகத் திருகியதில் அது பின்பக்கமாகச் சுழன்று, கிருமிகள் எல்லாம் புறமுதுகு காட்டி நகத்துக்குள் போய்விட்டன. ஓர் ஆட்டு வியாபாரி, "பூச்சி திரும்பிப் போயிருச்சுங்களே, அப்ப சீக்குத் தீந்துதுங்களா?" என்று கேட்டார். தீரவில்லை, மறுபடி வரும் என்றேன். எல்லோரும் மறுபடி வருவதற்காகக் காத்திருந்தார்கள். அடுத்த வாரம் வேறோர் ஊரில், மீசை வைத்த கிருமி தம்மைப் போலவே இருக்கிறது என்று மணியக்காரர் சபைக்குப் பிராது எழுதினார். மயில்சாமி பிளேடால் கண்ணாடியிலேயே மீசையை மழித்தார். அதன் பிறகு அது மணியக்காரருடைய தம்பியைப் போல இருந்ததாகச் சொன்னார்கள். எப்படியானாலும் கூட்டம் கூடியது. கட்டிலைப் பார்த்துக் கொட்டாவி விட்ட ஜனங்கள், இந்தக் கையைப் பார்க்க மூன்று மைல் நடந்து வந்தார்கள். ராசிபுரத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையைச் சாரதாமணிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆடி நோம்பிக்குக் கரட்டுப்பாளையம் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த ஊர் மட்டும் வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மாமனார் ஊரில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்றேன். "கூச்சம் போகட்டும், நானும் வாரேன்" என்று அவரும் கிளம்பிவிட்டார். அன்றைக்குத் தாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், கவனித்தீர்களோ என்னவோ. பொன்னாத்தாள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எலச்சிப்பாளையத்திலிருந்து தன் தங்கையையும், தங்கை வீட்டு ஒரம்பரைச் சொந்தக்காரர்களையும் வரவழைத்திருந்தாள். தன் படம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். முதலில் அவள் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு வேட்டியில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த தகடு என் கையில் இருந்தது. செருகாமல் விட்டிருக்கலாம், தவறிப்போய்க் கீழே போட்டிருக்கலாம், காஸ் லைட்டில் காற்று இறங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கிற லைட்டுதான், ஒருவரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் செருகினேன். மெதுவாகச் சுற்றினால் அவ்வளவாகத் தெரியாது என்று நினைத்து மெதுவாகச் சுற்றினேன். மெதுவாகச் சுற்றியதில் ஒவ்வொரு கிருமியையும் எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள். பொன்னாத்தாள் தன் கைகளை வெளிச்சத்தில் நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். எழுந்து போகவில்லை, கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நான் சுத்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன்.

சாப்பிடப் போகுமுன் தாங்கள், "ஏனுங்க மாப்பிள்ளை, அவ கை அப்படியொண்ணும் கறுப்பில்லையே" என்று கேட்டீர்கள். கேமராவில் எல்லாமே ஒரு பங்கு கறுப்பாகத்தான் விழும் என்றேன். "அப்ப மூஞ்சி மட்டும் எப்படி வெளுப்பா உளுந்துது?" என்று கேட்டீர்கள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளை அழைக்கவில்லை. பிள்ளைகள் பூச்சிக்கையம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்று அங்கே வந்த பிறகு சாரதாமணிதான் எழுதியிருந்தாள். ஆவணியில் கீழ்த்தெருக் குஞ்சம்மாளுக்கு வலி எடுத்தபோது, நாலு வீடு தள்ளி இருக்கிற பொன்னாத்தாளை விட்டுவிட்டு நர்சம்மாவுக்கு வண்டி அனுப்பினார்கள். வண்டி போய் மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்பியது. பிள்ளை கால் முன்னால் வந்திருந்தது. பிழைக்கவில்லை.

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

நான் டாக்டரிடம் போய் அந்தத் தகட்டை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நாம சொன்னதுல பொய் இருக்கா, அப்புசாமி? போன வருஷம் இந்தத் தாலூகாவுல மட்டும் எத்தனை சிசு ஜன்னி கண்டு தாடை கட்டிச் செத்துது, தெரியுமா? எல்லாம் கழுவாத கையும் துருப்பிடிச்ச கத்தியும்தான்" என்றார். தெரியும் என்றேன். அது நிஜம், நானே முப்பது ஊரில் சொல்லியிருக்கிறேன். "குஞ்சம்மா பிள்ளை யார் பார்த்திருந்தாலும் கஷ்டந்தான்" என்றும் சொன்னார். அதுவும் நிஜமாக இருக்கலாம். ஆனால் அப்படிக் கால் முன்னால் வந்த இரண்டு பிள்ளைகளைப் பொன்னாத்தாள் பிழைக்க வைத்திருக்கிறாள் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள். தகடு நன்றாக இருக்கிறது என்று வேறு இரண்டு தாலூகாக்களிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்களாம், மயில்சாமி பிரதி எடுத்து அனுப்பிவிட்டாராம். இப்போது அந்தக் கை, நான் போகாத ஊர்களிலும் போய்க்கொண்டிருக்கிறது. கரியைப் பற்றி டாக்டரிடமும் நான் சொல்லவில்லை.

புரட்டாசியில் சாரதாமணியை அங்கே கொண்டுவந்து விட்ட அன்று, தங்களிடம் சொல்லாமல் பொன்னாத்தாளைத் தேடிப் போனேன். கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"ஆத்தா, சாரதாமணிக்கு ஐப்பசியில நாளுங்க" என்றேன்.

"தெரியுமுங்க மாப்பிள்ளை. பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருங்க. அதான் நல்லது."

"நீங்க வரோணுமுங்க."

"நானுங்களா? வேண்டாமுங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் பாத்த வரைக்கும் வெந்தண்ணியில சீயக்காய் போட்டுத் தேச்சுத்தான் கையை வெப்பேன். கத்தியை நெருப்புல வாட்டாம அறுத்ததில்லை, எங்காயா சொல்லிக் குடுத்தது. ஆனா அத்தாம் பெருசாக் காட்டுனப்பறம் எனக்கே பயமாப் போச்சுங்க. பூச்சி இருந்திருக்குதாட்ட, என்ற கண்ணுக்குத்தான் தெரியலியாட்டன்னு நெனச்சுக்கிட்டேன். எத்தன புள்ளைக்கு என்ன பண்ணி வெச்சனோ."

மாமா, வெந்நீரும், தேய்த்துக் கழுவுவதும், கத்தியைச் சூடு காட்டுவதும்தான் எங்கள் பிரசங்கம். அவற்றைச் சொல்லத்தான் சபை எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. நீங்கள் எப்படிக் கை கழுவுவீர்கள் என்று நான் அவளை ஒரு நாளும் கேட்கவில்லை. அப்போதாவது, ஆத்தா, அது கரி, நான் பூசியது, பூச்சி மயில்சாமி எழுதியது என்று சொல்லியிருக்கலாம். "மழை வருமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மழையும் வரவில்லை.

ஆகையால் தங்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: இந்தக் கடிதம் கண்டதும், தாங்களே வெற்றிலை பாக்குத் தட்டோடு பொன்னாத்தாள் வீட்டுக்குப் போக வேண்டும். நான் இதில் எழுதியிருப்பதை எல்லாம் சொல்ல வேண்டும். கரி தங்கள் வீட்டுப் பானையில் எடுத்தது, அத்தையே சாட்சி. சாரதாமணிக்காக அவளை எப்படியாவது அழைத்து வர வேண்டும். வருகிற சந்தையன்று நானே கரட்டுப்பாளையம் வந்து, வேட்டியைக் கட்டி, அந்தத் தகட்டைக் காட்டி, இது பொய்ப் படம் என்று எல்லோர் முன்பும் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும். தாங்கள் என்னைச் செருப்பால் அடித்தாலும் அதற்கு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சாரதாமணியைத் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம் என்று சொல்லவும். தங்கள் காடு விளைந்து, கிணறு வற்றாமல், வீட்டில் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
அப்புசாமி.

பின்குறிப்பு: உறையில் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே மாரியப்பன் மறுபடி வந்து நிற்கிறான். நேற்று விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்கிறான். தாங்கள் போகவுமில்லை, யாரும் கூப்பிடவுமில்லை, சாரதாமணி கத்தின சத்தம் கேட்டுப் பொன்னாத்தாளே வந்தாளாம். ஆகவே மேலே வெற்றிலை பாக்குத் தட்டைப் பற்றி எழுதியிருப்பது எல்லாம் வீண். சந்தோஷத்தில் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். கரி விஷயம் உள்ள தாளை மட்டும் கிழித்துவிடவும் என்று இந்த இடத்தில் எழுதினேன், அடித்திருப்பது அதுதான். அடித்ததற்குக் காரணம், மாரியப்பன் தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொன்னதுதான். அவ்வளவு பெண்கள் கூடியிருந்தும், கரியைப் பூசியது யார் என்று பொன்னாத்தாள் வாய் திறக்கவில்லை என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னாளாம்: "அன்னிக்குப் படம் புடிச்சப்பறம் கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வந்து நின்னேன். படம் புடிக்கற கண்ணாடித் தகடு தீந்துபோச்சுன்னாரு மாப்பிள்ளை. கழுவுன கையையும் ஒரு படம் புடிச்சுப் பக்கத்துல வெச்சிருந்தா, சனங்களுக்கு இன்னும் வெளங்கியிருக்குமில்ல?" தாங்கள் அவளிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டி, அவள் கேட்டதற்கு இந்தப் பதிலையும் சொல்லிவிடவும். தகடு தீரவில்லை. பெட்டியில் ஒன்று பாக்கி இருந்தது. திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, மயில்சாமியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, அதில் நான் என்னைப் படம் எடுத்துக்கொண்டேன். சாரதாமணி பிரசவத்துக்கு வரும்போது துணிப்பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருப்பது அந்தப் படம்தான்.